வரைபடத்தில் வயல், பாகூரில் ஏரி

பாகூர் ஏரிக்கு எப்படிப் போவது என்று இந்தத் தளத்தில் இருவர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது 1956 கார்த்திகையில். ஏரியைப் பார்க்க அல்ல, வயலைப் பார்க்க.

எங்கள் வீடு வில்லியனூரில், மாதா கோயிலுக்குப் பின்னால். அப்பா போன பிறகு பாகம் பிரித்தார்கள். வீடு இரண்டு அண்ணன்களுக்கு. புருஷனை இழந்து எங்களோடு இருந்த பிலோமினா அக்காவுக்குப் பாகூர் நிலம். ஆதாரம், பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடம் ஒன்று. மதகு, வாய்க்கால், பனைமரம் எல்லாம் அதில் உண்டு. ஏரிக்கரையை ஒட்டி வயல் என்று காட்டியிருந்த இடத்தை அப்பா சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தார். கோடைதோறும் அங்கிருந்து எள்ளும் வெள்ளரிக்காயும் வரும். வேறென்ன சாட்சி வேண்டும்? வீட்டில் தனக்குப் பங்கில்லை என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அக்காவும் நானும் புதுச்சேரி வந்து காலை ஏழு மணிக்குக் கடலூர் பஸ் ஏறினோம். வழியில் பழைய சுங்கச் சாவடி ஆளில்லாமல் கிடந்தது. கிருமாம்பாக்கத்தில் இறங்கி, எட்டணாவுக்கு மாட்டு வண்டி. தூறல் விடவே இல்லை. அக்கா மட்டும் உற்சாகமாக இருந்தாள், ஓரமாக ஒரு குடிசை போடுவாளாம், இரண்டு ஆடு வாங்குவாளாம்.

கரைமேல் ஏறினோம். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். அக்கா வண்டிக்காரரிடம் படத்தைக் காட்டி, "இந்த எடம் எங்கபா?" என்றாள்.

அவர் தண்ணீரைக் கைகாட்டினார். "அதாம்மா. சித்திரைல வத்துனா அவனவன் எறங்கி எள்ளு போடுவான், வெள்ளரி போடுவான். மழ வந்தா வுட்டுட்டு கரையேறிடுவான். ஏரில இன்னாம்மா சொந்தம்?"

கோடையில் அளந்து வரைந்த படம் அது. அண்ணன்மாருக்குத் தெரியுமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர்களும் ஏரியைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் எழுதியதை அவர்கள் மாற்றவில்லை. அதற்கு மன்னிப்பே கிடையாது.

கரைமேல் நின்ற அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வூட்டுக்குப் போலாம்கா" என்றேன்.

"யாரு வூட்டுக்குடி?" என்றாள் அக்கா.

இப்போது புதுச்சேரியிலிருந்து பாகூருக்கு நேராகவே பஸ் இருக்கிறது, சுமார் இருபது கிலோமீட்டர். பறவை பார்க்க மார்கழி நல்லது, குடை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் பார்க்கப் போகிறவர்கள் கோடையில் ஒரு முறை, மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கையெழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்கப் போனாள்.