மாமாவுக்குச் சடை விழுந்த விதம்

என் மாமாவுக்குச் சடை தானாக விழுந்தது என்று பினாங்கில் அந்தக் காலத்து ஆட்கள் சத்தியமே செய்வார்கள். தானாகவா? நல்ல கதை! ஒவ்வொரு சடையையும் உருட்டி உருட்டி உள்ளங்கை எரிந்தது எனக்கல்லவா தெரியும்!

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பலேறி வந்த அம்மாவுக்கு இந்தச் சீமையில் பிறந்த வீட்டு உறவு என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. சூலியா தெருவுக்குப் பின்னால் எங்கள் மாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தார். சாயங்காலம் கச்சான் கடலைப் பொட்டலம் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டார். அப்படிப்பட்ட மாமாவை அப்பா ஈப்போவுக்கு அனுப்பப் பார்த்தார்.

ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த தன் சிநேகிதருக்கு அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய ஒரே மகளை மாமா கட்டிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாகக் கடையில் உட்கார வேண்டும். மாட்டேன் என்றார் மாமா. அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அம்மா வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசி முடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. நான் மட்டும் இரண்டு நாள் சோறு வேண்டாம் என்று அழுது பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் துணி காயப்போடும் மொட்டைமாடியில் மாமா என்னை உட்காரவைத்து ரகசியமாகக் கேட்டார்.

"சடை விழுந்த ஆளுக்கு எவன்லா பொண்ணு கொடுப்பான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடேயப்பா, என்ன மூளை! ஒருவர் தலையில் சடை தானாக விழுந்தால், அந்தத் தலையைச் சாமி தனக்கென்று எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். கோயிலில் முடி கொடுக்கும்வரை அதில் கத்தி படக்கூடாது. அப்பா வேறு பக்திமான். சடையைக் கண்டால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

சாமி விழவைக்கட்டும் என்று காத்திருக்க முடியுமா? நாங்களே விழவைக்க வேண்டியதுதான். மாமா குடுமி வைத்திருந்ததால் தோளுக்குக் கீழே முடி இருந்தது. ஆனால் பாழாய்ப்போன முடி, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது! நுனியில் மட்டும் போனால் போகிறது என்று கொஞ்சம் சுருள். முடிச்சுப் போட்டால் தானே அவிழ்ந்துகொள்ளும் ரகம்.

தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் இருந்த ஒரு பண்டாரத்திடம் மாமா நைசாகப் பேச்சுக்கொடுத்து வழிமுறையைக் கறந்துகொண்டு வந்தார். எண்ணெய் அறவே ஆகாது. கடல் தண்ணீரில் முக்கிக் காயவிட வேண்டும். பிறகு கொத்துக்கொத்தாகப் பிரித்து, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீப்பால் தள்ளித் தள்ளிச் சிக்காக்க வேண்டும். அப்புறம் உள்ளங்கையில் வைத்து உருட்டு உருட்டு என்று உருட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும்போது உருட்டுவேன். மறுநாள் பார்த்தால் பாதி பிரிந்து, காக்கை கலைத்த கூடு மாதிரி நிற்கும். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வார்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான்தான்! பள்ளிக்கூடத்தில் கன்யாஸ்திரீகள் எங்களுக்கு நூல் பின்னல் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கொக்கி ஊசியைச் சடைக்குள் குத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடியை மாட்டி உள்ளே இழுத்தேன். கெட்டியாக நின்றது! "ஐயோ, மண்டைக்குள்ள இழுக்காதே தாயே" என்று மாமா கத்தினார். நான் கேட்டால்தானே! அதன்பிறகு சடைகள் கிடுகிடுவென்று இறுகின. மழைநாளில் காயாமல் ஈரச்சாக்கு நாற்றம் அடித்தது. அதையும் சாம்பிராணிப் புகை காட்டிச் சமாளித்தோம்.

எங்களுக்குப் பெரிய கண்டம் சனிக்கிழமைதான். சனிக்கிழமை விடிந்தால் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பாள்.

"தம்பி, தலையைக் காட்டு."

"வேண்டுதல், அக்கா. எண்ணெய் வைக்கமாட்டேன்."

சடையை மறைக்க அவர் கட்டியிருந்த தலைத்துண்டை அம்மா பார்த்தாள். பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்தாள். கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எண்ணெய்ப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மாவையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சடைகள் தயாரானதும் ஒரு காலையில் மாமா துண்டை அவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கூடத்துக்கு வந்தார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேலேயே நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாமாவிடம் திருநீறு வாங்க வந்துவிட்டார்கள். அப்பா பயந்துபோய் ஈப்போவுக்கு ஆள்விட்டுச் செய்தி சொன்னார். சம்பந்தம் வேண்டாம் என்று பதில் வரும் என்று நானும் மாமாவும் காத்திருந்தோம்.

பதில் வரவில்லை. ஈப்போ முதலாளியே வந்து இறங்கினார். அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, படகேறி, கூடை நிறைய பழத்தோடு வந்தவர் மாமாவைப் பார்த்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

"சாமியே மாப்பிள்ளையா வருது! இனி என் கடைக்கு என்னலா குறை?"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா சந்தோஷமாகப் பஞ்சாங்கத்தை எடுத்தார். அவ்வளவுதான், மாமா போய்விட்டார் என்று நினைத்தேன்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து அம்மா பேசினாள். வெளியாள் முன்னால் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சடை விழுந்த தலை சாமியோடது. சாமியைக் கேக்காம நாள் குறிச்சா குத்தமாயிடும். பூக்கட்டிப் பாத்திடலாம்."

இரண்டு பக்திமான்களும் இதற்கு மறுப்பா சொல்வார்கள்? மறுநாள் எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் சிவப்பு இட்லிப்பூவை இன்னோர் இலையிலும் மடித்து அம்மா வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்க வேண்டியது ஒரு குழந்தை. அங்கே இருந்த குழந்தை நான்தான்!

தாயே, சிவப்பைக் கொடு, சிவப்பைக் கொடு என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார்.

சிவப்பு!

நான் குதித்த குதியில் பாவாடை நாடா அவிழ்ந்துவிட்டது. ஈப்போ முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மன் சித்தம் என்றார். அப்பாவும் கும்பிட்டார். பூசாரி மற்றப் பொட்டலத்தின் பக்கம் கை நீட்டினார். அதற்குள் அம்மா அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"எடுக்காத பூவைப் பிரிக்கக் கூடாதுங்க. தண்ணியில விட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து அம்மா அதைத் தண்ணீர்த் தொட்டியோரம் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? பிரித்துப் பார்த்தேன். உள்ளே இட்லிப்பூ. சிவப்பு!

"அம்மா! இதுவும் சிவப்பா இருக்கு! மாமா போகக்கூடாதுன்னு அம்மன் வெள்ளையைக்கூட மாத்திடுச்சு!"

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். என்னை இறுக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"போய் அந்தக் கொக்கி ஊசியை எடுத்துட்டு வா. மாமாவுக்குப் பின்னால ஒரு சடை பிரிஞ்சு தொங்குது. தைப்பூசத்துல மொட்டை போடுற வரைக்கும் தாங்கணும்ல?"

கொக்கி ஊசி சங்கதி அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அதையும் அம்மன்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன்.