பொய்யாகக் கத்திய பெட்டி

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கப்பல்களுக்கான ஒரு கருவி செய்கிறோம். சாப்பாட்டு டப்பாவைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. கப்பல் என்ஜினுக்குள் ஏதாவது ஒரு பேரிங் அளவுக்கு மீறிச் சூடானால், அங்கிருக்கும் எண்ணெய் ஆவியாகிப் புகைபோல எழும். பெட்டிக்குள் இருக்கும் லென்ஸ் அதைக் கண்டுபிடித்து மணியடிக்கும். உடனே வேகத்தைக் குறைத்தால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் என்ஜின் வெடிக்கலாம். கரையோரத்தில் என்ஜின் நின்றுபோனால் கப்பல் பாறையில் மோதி, அதிலுள்ள எண்ணெயெல்லாம் மீன்பிடிக்கும் கடலில் கொட்டலாம். ஒவ்வொரு பெட்டியையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் கப்பலில் ஏறியதே இல்லை.

என் மனைவி தூத்துக்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாறுதல் கிடைக்கவில்லை. மகளும் அவளோடுதான் இருக்கிறாள். நான் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஓர் அறை வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார்கள், பாதி புரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது ஆறு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு சரக்குக் கப்பலிலிருந்து புகார் வந்தது. காரணமே இல்லாமல் பெட்டி மணியடிக்கிறதாம். ‘லென்ஸைச் சுத்தமாகத் துடைக்கவும். எங்கள் சோதனையில் குறை எதுவும் இல்லை’ என்று பதில் எழுதினேன். மூன்று முறை புகார் வந்தது, மூன்று முறையும் அதையேதான் எழுதினேன். பிறகு கடிதம் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அந்தக் கப்பலின் மூன்றாம் என்ஜினியர். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்.

“சார், டெஸ்ட் பேப்பர்ல உங்க பேரைப் பார்த்தேன். தமிழ்ல பேசலாமேன்னு ஆபீஸ்ல நம்பர் வாங்குனேன்.”

“லென்ஸைத் துடைச்சீங்களா?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“தெனமும் தொடைக்கிறோம் சார். இப்ப சத்தமே இல்ல. ஒயரைக் கழட்டி விட்டுட்டாங்க.”

தட்டைக் கீழே வைத்தேன். “கழட்டக் கூடாதே.”

“தெரியும் சார். சும்மா சும்மா கத்துனா மனுஷன் எத்தனை தடவை ஓடுவான்? இப்ப அதை யாரும் நம்புறதில்ல. என் டியூட்டில என்ஜின் பக்கத்துல நான் மட்டும்தான் நிக்கிறேன். அதான் பயமா இருக்கு.”

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. கப்பலேறி ஐந்து மாதம் ஆகிறது, கூட இருப்பவர்களில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை என்றார். நானும் என் அறையைப் பற்றிச் சொன்னேன். பேசி முடித்தபோது சோறு காய்ந்திருந்தது.

அதே வகைப் பெட்டி ஒன்றை மூன்று நாள் திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குள் பொங்கல் விடுமுறை வந்தது. ஏசி பஸ்ஸில் கிளம்பி, விடிகாலையில் தூத்துக்குடியில் இறங்கினேன். இறங்கியதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

ஸ்கூட்டரோடு வந்திருந்த மனைவி, “என்னங்க, அப்படியே நிக்கீங்க?” என்றாள்.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று அந்த என்ஜினியருக்குச் செய்தி அனுப்பினேன்: பெட்டிக்கு மேலே என்ன இருக்கிறது?

மாலையில் போட்டோ வந்தது. பெட்டிக்கு நேர் மேலே, வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயின் வாய். அந்தக் காற்று பட்டுப் பெட்டி குளிர்ந்துபோகிறது. என்ஜினுக்குள்ளிருந்து வரும் ஈரமான சூட்டுக் காற்று லென்ஸில் நீராகப் படிகிறது. தண்ணீர்த் துளிக்கும் எண்ணெய்ப் புகைக்கும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் சோதித்ததெல்லாம் ஓசூரின் காய்ந்த காற்றில்.

திரும்பி வந்து, தரப் பிரிவின் தலைமை மேடத்திடம் சொன்னேன். ஓசூர் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர்.

“அண்ணா, நம்ம டெஸ்ட்ல பாஸ் ஆயிருக்குது. மாட்டுன எடம்தான் தப்புன்னு எழுதி உட்டுடலாமே.”

“மூணு தடவை நம்ம மேல தப்பில்லன்னுதான் மேடம் எழுதுனேன். அங்க ஒயரைக் கழட்டிட்டாங்க.”

மேடம் குறிப்பேட்டை எடுத்தார். “செரிங்கண்ணா, ஈரத்துல வெச்சுப் பாத்துருவோம்.”

கேன்டீனிலிருந்து கெட்டிலை வாங்கி வந்து ஆவியை உள்ளே விட்டோம். பெட்டிமேல் மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். பதினோராவது நிமிடத்தில் மணி அடித்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் என் கையெழுத்து இருந்தது. மேடம் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

லென்ஸைச் சுற்றி மெல்லிய சூடேற்றும் வளையம் ஒன்றைச் சேர்த்தோம். ஈரச் சோதனை இனி எல்லாப் பெட்டிக்கும் உண்டு என்று மேடம் உத்தரவு போட்டார். கப்பலுக்கு நான் எழுதிய கடிதத்தில், தவறு எங்களுடையது என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். வளையம் அடுத்த துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. ‘பெட்டியையும் தள்ளி வெச்சுட்டோம். ஒயரை மாட்டிட்டோம் சார்’ என்று செய்தி வந்தது. அதன்பின் அவரும் எழுதவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்து, காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒரு குரல் செய்தி வந்தது. “சார், நேத்து பெட்டி கத்துச்சு. இந்தத் தடவை நெசமாவே. உடனே வேகத்தைக் கொறைச்சு, அப்புறம் நிறுத்திட்டோம். ஆறுனப்புறம் தொறந்து பார்த்தா ஒரு பேரிங் தேய்ஞ்சு கெடக்கு. மாத்தியாச்சு. எல்லாரும் நல்லா இருக்கோம் சார்.”

யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. பக்கத்து சீட்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவிக்குப் போன் அடித்தேன். வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தத் தம்பி ஊருக்கு எப்ப வாறாராம்?” என்றாள்.

“இன்னும் ரெண்டு மாசமாம்.”

“நீங்க?”

மகளுக்குப் பரீட்சை முடியட்டும், வருகிறேன் என்றேன். அவள் போனை வைத்த பிறகு அந்தக் குரல் செய்தியை இன்னொரு தடவை கேட்டேன். அவர் குரலுக்குப் பின்னால் என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.