நிபுணர் குழுவின் இடது கை

பள்ளி இறுதி வகுப்பு இயற்பியல் கைடின் அட்டையில் 'நிபுணர் குழு தயாரித்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்தக் குழு மொத்தமும் ஒரே ஆள்தான். அச்சகத்தின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடங்களாகக் கணக்குப் போடும் அவரை எல்லோரும் விடைசார் என்பார்கள். புத்தகத்தில் அவர் பெயரும் இருக்காது, ஒரு பிழையும் இருக்காது. இரண்டாவதை நினைத்து முதலாவதை மறந்துவிடுவார், அவ்வளவு பெருமை.

வீட்டில்தான் இயற்பியல் அவரை அடிக்கடி காலை வாரிவிடும். போன மாதம் மின்விசிறியைத் துடைக்க ஏணி போட்டார். எந்தக் கோணத்தில் சாய்த்தால் வழுக்காது என்று ஒரு பழைய உறையின் மேல் கணக்குப் போட்டு, உராய்வையும் மறக்காமல் சேர்த்து, மனைவியிடம் கையெழுத்து வாங்காத குறையாக விளக்கிவிட்டு ஏறினார். கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த அம்மாள் அப்போதுதான் ஈரத்துணியால் தரையைத் துடைத்திருந்தாள் என்பது மட்டும் அதில் இல்லை. இடது கையில் விரல் நுனி வரை மாவுக்கட்டு.

மனைவியின் கோபத்துக்கு அரை ஆயுட்காலம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டார். காலை எட்டு மணிக் கோபம் இரவு எட்டுக்குள் பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்க வேண்டும். எட்டடித்ததும் இளித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். கோபம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. காந்தப் புலத்துக்குள் நுழையும் எலக்ட்ரானும் புரோட்டானும் எந்தப் பக்கம் வளையும் என்ற அத்தியாயத்தின் முப்பத்து நாலு கணக்குகளையும் ஒரே வாரத்தில் முடித்தார். அச்சுக்குப் போகும் முன் ஒரு படியை மகளுக்குக் கொடுத்தார். அவளுக்கு அப்பாவின் விடை என்றால் வேதவாக்கு.

சில நாளில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மகள் தேர்வில் ஐந்து கணக்குக்கும் பூஜ்யம் வாங்கி, இயற்பியல் டீச்சரோடு வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டாளாம். எங்கப்பா தப்பே போடமாட்டார் என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னாளாம். விடைசாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகக் கிளம்பினார்.

டீச்சரின் மேசை மேல் அவருடைய கைடின் போன வருடப் பதிப்பே இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு. நீங்களே செய்து காட்டுங்கள் சார் என்றார் டீச்சர். விடைசார் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் மூன்று திசையில் விறைப்பாக நீட்டினார். டீச்சர் தன் கையை அதற்கெதிரே நீட்டினார். அது இடது கை.

துகள் வளையும் திசையை மூன்று விரலால் காட்டும் அந்த விதியின் பெயரே இடக்கை விதி. இத்தனை வருடமும் வலது கை எழுத, இடது கை திசை காட்டியது. கட்டுப் போட்டபின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையையே நீட்டியிருக்கிறார். முப்பத்து நாலு கணக்கிலும் துகள்கள் நேர் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குள் டீச்சரே, மகள் காட்டியிருந்த புதுப் படியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கையை மடக்கிக்கொண்டார். "நிபுணர் குழு புதுப் பதிப்புல மாத்தியிருக்காங்கன்னா காரணம் இருக்கும் சார். நான்தான் குழப்பிக்கிட்டேன் போல. மார்க்கைப் போட்டுடறேன்."

தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. தலையை ஆட்டினால் போதும். கதவருகே மகள் ஜெயித்த முகத்தோடு நின்றிருந்தாள். அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பூஜ்யம் அப்படியே இருக்கட்டும் டீச்சர்," என்றார். "அந்தக் குழு நான் ஒருத்தன்தான். தப்பும் என்னோடதுதான்."

மகள் அவர் பக்கமே திரும்பவில்லை. அவர் ஓட்டமும் நடையுமாக அச்சகத்துக்குப் போய் அச்சை நிறுத்தச் சொன்னார். முதலாளி குதித்துத் தீர்த்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணி வரை கெடு கொடுத்தார். பின்னறைக்கு வந்து பேனாவை எடுத்தபோது, பள்ளி விட்டு வந்த மகள் நாற்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. இடது கையின் மூன்று விரல்களைக் காகிதத்தின் மேல் நீட்டினாள்.

"கிளாஸே சிரிச்சுதுப்பா," என்றாள். "நாளைக்கும் சிரிக்கும். நீங்க முதல் கணக்கைப் படிங்க."