பத்தே முக்காலுக்கு ஏது அந்த வெயில்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு கார்டு ரீடர். பார்த்தவர்கள் என்னை இன்ஜினீயர் என்றே நினைத்திருப்பார்கள். நான் படித்தது தாவரவியல்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் யார் வீட்டில் டிவி தெரியாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். கேஸ் சிலிண்டர் புக் ஆகாவிட்டாலும் எனக்குத்தான். 'படிச்ச புள்ள, அவனுக்குத் தெரியும்...' எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட ஒவ்வொரு முறையும் நினைப்பேன். வாய் வராது.

இந்த முறை அக்கா வீட்டுக் கேமரா.

அக்காவும் மாமாவும் சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்கு பாப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கடைக்குக் கிளம்பிவிட்டால் வீடு பூட்டித்தான் கிடக்கும். அதற்காக மாமா ஆன்லைனில் கேமரா வாங்கினார். வாசல் கதவுக்கு மேலே, படிக்கட்டும் கேட்டும் தெரிகிற மாதிரி மாட்டியது நான்.

அதன் குணத்தை எப்படிச் சொல்ல? காக்கா உட்கார்ந்தால் 'ஆள் நடமாட்டம்' என்று மாமாவின் போன் அலறும். கூரியர்காரர் வந்து பத்து நிமிஷம் பெல் அடித்தால் — சத்தமே இருக்காது. நினைத்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் 'இணைக்கிறது... இணைக்கிறது...' என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

"மாப்ள, இந்தக் காசுக்கு ஒரு நாய வாங்கியிருந்தா, சோறு போட்டதுக்காவது கொலைச்சிருக்கும்" என்றார் மாமா.

புதன்கிழமை அது மொத்தமாக மூச்சை நிறுத்தியது. நான் கடலூரிலிருந்தே போனில் வைத்தியம் பார்த்தேன். "பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கும் மாமா. ஊக்க விட்டு அழுத்திக்கிட்டே பத்து எண்ணுங்க." எண்ணினார். கேமராவில் விளக்கு எரிந்தது. வைஃபை மட்டும் பிடிக்கவில்லை. "பரவால்ல மாமா, உள்ள இருக்கிற மெமரி கார்டுல பதிஞ்சுக்கிட்டு இருக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். "பாப்பாவோட கொலுசு ஒண்ணக் காணும்டா. வியாழக்கிழமைலேருந்து தேடுறேன். மாமா அஞ்சலை மேல சந்தேகப்படுறாரு. நீ வந்து அந்தக் கேமராவப் பாரு."

அஞ்சலை, என் அக்கா வீட்டில் வேலை செய்பவர். குமராட்சிப் பக்கத்திலிருந்து முதல் மினி பஸ்ஸில் வருவார். பாத்திரம், பெருக்கல், துடைத்தல் எல்லாம் முடித்து எட்டேகாலுக்குக் கிளம்பி, எட்டரை பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய் களையெடுப்பில் நிற்பார். வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சந்தேகத்துக்கு அது போதாதா?

நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. "நீ இரு, மாப்ள வரட்டும்" என்று மாமா உட்காரவைத்திருக்கிறார்.

கார்டை எடுத்து, மாமா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் போட்டேன். நாலு நாளைக்கு மொத்தமே பதினொரு துண்டு வீடியோ. ஏழில் காக்கா, மூன்றில் அடுத்த வீட்டு நாயின் வால். அக்காவும் மாமாவும் கடைக்குக் கிளம்பியது ஒன்றில்கூட இல்லை. மிச்சமிருந்த ஒரு துண்டில் மட்டும் ஆள் இருந்தது. வியாழக்கிழமை, அஞ்சலை, கையில் ஒயர்கூடை. படியிறங்கி கேட்டைத் திறந்து வெளியே போகிறார். மூலையில் வெள்ளை எழுத்தில் மணி: 10:45.

"பத்தே முக்கால்" என்று வாசித்தேன்.

வாசிக்கத்தான் எனக்குத் தெரியுமே! ரேஷன் கார்டு, பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு... சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். நான் வாசித்தால் எங்கள் வீட்டில் அது உண்மை.

மாமா எழுந்துவிட்டார். "ஒம்பதரைக்கு வூடு பூட்டியாச்சு. பத்தே முக்காலுக்கு ஒனக்கு இங்க என்னா வேல அஞ்சல?"

"நான் எட்டேகாலுக்கே போயிட்டேங்க. பத்து மணிக்கு வயல்ல நிக்கிறேன். கூட இருந்த ஆளுங்களக் கேளுங்க."

"ஒங்க ஆளுங்க ஒனக்குத்தான சொல்லுவாங்க."

அஞ்சலை எழுந்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, அத எனக்கும் காட்டுங்க."

லேப்டாப்பைத் திருப்பினேன். அவர் மூலையில் இருந்த எண்களைப் பார்க்கவே இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. படியைப் பார்த்தார்.

"இது என்னா தம்பி, படியில?"

"மிதியடி."

"தொடச்சு முடிச்சு ஈர மிதியடிய நான் படி வெயில்லதான் போட்டுட்டுப் போவேன். வெயிலு மேப்படி வரைக்கும் அடிக்குதா?"

அடித்தது. மூன்று படியிலும் பளிச்சென்று வெயில்.

"இப்ப மணி என்னா?"

என் போனைப் பார்த்தேன். பத்து நாற்பது.

"வெளிய வந்து பாருங்க."

நாங்கள் மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். கிழக்கு பார்த்த வீடு; வெயில் ஏற ஏற, முன்னால் நீண்ட கூரையின் நிழல் படிக்கு வந்துவிடும். மூன்று படியும் நிழலில் கிடந்தன. வெயில் எப்போதோ நழுவி, கேட்டுப் பக்கம் போயிருந்தது.

"பத்தே முக்காலுக்கு ஏது தம்பி படியில வெயிலு?"

வெயில் சொல்வது சரியா, கேமரா சொல்வது சரியா? வெயில் பொய் சொல்லுமா என்ன!

உள்ளே ஓடி கார்டைத் திரும்பச் செருகி, கேமராவை முதலிலிருந்து போனோடு இணைத்தேன். நாலாவது முயற்சியில் படம் வந்தது. என் போனில் மணி பத்து ஐம்பது. கேமராவில் ஒன்று இருபது.

இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஊக்கை விட்டு அழுத்தச் சொன்னேனே... அதில் நான் மாட்டியபோது வைத்த நம்மூர் நேரம் அழிந்து, அது தயாரான நாட்டின் நேரத்துக்குப் போய்விட்டது. பத்தே முக்காலில் இரண்டரையைக் கழித்தால்? எட்டேகால். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு.

கேமராவைக் கெடுத்தது நான். அதை வாசித்து ஒரு மனுஷியைத் திருடியாக்கியதும் நான். வெயிலையும் இலையையும் மூன்று வருஷம் படித்தவன், படியில் கிடந்த வெயிலைக் கவனிக்கவில்லை.

"கேமராவுலதான் கோளாறு அஞ்சல. மனசுல வெச்சுக்காத" என்றார் மாமா. அக்கா அவசரமாக காபி கொண்டுவந்தாள்.

"பஸ்ஸு போயிடும்மா" என்று கூடையை எடுத்துக்கொண்டார் அஞ்சலை. கேட்டருகே நின்று என்னிடம், "பாத்துச் சொல்லக் கூடாதா தம்பி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி கேட்டார்.

கொலுசு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்புக்குள், பாப்பாவின் ஒற்றை சாக்ஸோடு. அக்கா போனில் அழுதாள். "இனிமே வர மாட்டாள்னு நெனச்சேன்டா. மறுநாளே வந்து நிக்கிறா. வர்றவகிட்ட நான் என்னத்தப் பேச?"

எனக்கு மட்டும் தெரியுமா? அவர் மன்னித்து வருகிறாரா, வேறு வழியில்லாமல் வருகிறாரா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அடுத்த வாரம் சிதம்பரம் போய் நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருக்கிறேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. இதற்கு யாருக்கு போன் செய்வது?

கேமரா மட்டும் அதிசயமாகச் சரியாகிவிட்டது. காக்காவுக்கெல்லாம் அலறுவதில்லை. நேரமும் சரி. மாமா என் போனிலும் இணைக்கச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் கடலூரில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது மணி அடிக்கிறது. திறந்து பார்க்கிறேன்.

மூலையில் 8:15. படியில் வெயில், வெயிலில் மிதியடி. அஞ்சலை கேட்டருகே நின்று, திரும்பி, ஒயர்கூடையை கேமராவுக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போகிறார்.