மதினியின் முட்டைகளும் இரண்டாவது நிபந்தனையும்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வாடிப்பட்டியில் நண்பனின் மொபைல் கடையில் வேலை. அவனும் பெரிய படிப்பு படித்தவனில்லை. போனில் வீடியோ பார்த்தே இருவரும் புரோகிராம் எழுதக் கற்றோம். கற்றதை வைத்து முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் செய்ய ஆரம்பித்தோம். தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, சூட்டை அளக்க வயரோடு ஒரு சென்சார், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு சின்ன போர்டு. அதில் நான் எழுதிய நிபந்தனை எளிது: சூடு முப்பத்தேழரை டிகிரிக்குக் கீழே இருந்தால் பல்பு எரியட்டும், இல்லையென்றால் அணையட்டும்.

எழுதிய பிறகுதான் சந்தேகம் வந்தது. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். சென்சார் பெட்டிக்கு வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும்? வெளிக்காற்றை அளந்துவிட்டு, சூடு போதவில்லை என்று பல்பை எரித்துக்கொண்டே இருக்குமே. அதனால் அடியில் ‘எல்ஸ் இஃப்’ என்று இரண்டாவதாக ஒரு நிபந்தனை சேர்த்தேன்: பத்து நிமிடம் விடாமல் எரிந்தும் சூடு ஏறவில்லையென்றால் பல்பை அணை, பீப் சத்தம் கொடு.

நண்பனிடம் காட்டினேன். வரிவரியாகப் படித்தான்.

“கரெக்டாத்தான் இருக்கு மாப்ள. பயந்து பயந்தே நீ கெழவனாயிருவ போல.”

அவன் சொன்ன பிறகே எனக்குச் சோறு இறங்கியது.

முதல் பெட்டி உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனது. மதினி வளர்த்த சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிகளையெல்லாம் நாய்கள் கடித்துப் போட்டுவிட்டன. மிச்சம் இருந்தது அவை இட்ட முட்டைகள் மட்டும். அவை பொரிந்தால்தான் அந்த வம்சம். முட்டைக்கு அடியில் போன் டார்ச்சை வைத்துப் பார்த்துவிட்டு, “நரம்பு ஓடுது தம்பி” என்று மதினி ஒருநாள் போனில் சொன்னார். உள்ளே குஞ்சு உருவாகத் தொடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதினி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். மாட்டுக் கொட்டம்கூடத் தப்பாது. அன்று இன்குபேட்டருக்கும் மூடியைத் திறந்து புகை காட்டியிருக்கிறார். புகை பட்டால் சென்சார் கெட்டுவிடுமோ என்று அதை எடுத்து வெளியே தொங்கவிட்டவர், மூடியை மூடும்போது திரும்ப உள்ளே வைக்க மறந்துவிட்டார். மறுநாள் காலை முட்டைகள் வெந்திருந்தன.

மதினி அழுத போனை வைத்துவிட்டு, கடையில் ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு நிபந்தனையாகப் போட்டுப் பார்த்தேன். வெளியே சூடு முப்பது. முதல் நிபந்தனை சரி, பல்பு எரிகிறது. அது சரியாகிவிட்டால் போர்டு அடுத்த ‘எல்ஸ் இஃப்’பை எட்டிக்கூடப் பார்க்காது. காவலுக்கு நான் வைத்தது, ஆபத்து வருகிற நேரத்தில் மட்டும் வேலையே செய்யாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதை மேலே தூக்கி, முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும்.

எனக்கு உடனே வந்த கவலை நண்பனைப் பற்றியது. அதே புரோகிராமை வைத்து சோழவந்தான்காரர் ஒருவருக்கு அவன் செய்த பெட்டி மேசைமேல் தயாராக இருந்தது. அதுவும் யார் வீட்டிலாவது முட்டையை அவித்துவிட்டால்? அவனிடம் காட்டலாம் என்று பெட்டியை ஓடவிட்டு, சென்சாரை வெளியே எடுத்துப் போட்டேன். அவன் ஒரு போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

பத்து நிமிடத்தில் பல்பு அணைந்தது. பீப் சத்தம் கேட்டது.

“இது எப்படி மாப்ள அடிக்குது?” என்று கேட்டேன்.

“எம் பொட்டிக்கு அத மேல தூக்கி வச்சுட்டேன்ல.”

“எப்ப?”

“நீ காட்டுனியே, அன்னைக்கே.”

“அப்ப கரெக்டா இருக்குன்னு ஏன்டா சொன்ன?”

கார்டுக்குள் இருந்த காற்றை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னான்: “உசிலம்பட்டிப் பக்கம் பூராம் உன் சொந்தக்காரய்ங்க. ஒன் பொட்டி நல்லா ஓடுச்சுன்னா நாளைக்கு நீ தனியாக் கடை போட்டுருவ. நான் என்னத்தப் பண்றது? முட்டைதான மாப்ள, விடு.”

தனிக்கடை என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.  அப்படியே அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மதினி முட்டைகளைத் தென்னைக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏந்தப்புதான் தம்பி” என்றார். “ஒங்க கூட்டாளியும் போன் போட்டுச் சொன்னாரு. வயர எடுத்தது நீங்கதானக்கா, அவன ஒன்னும் சொல்லாதீங்கன்னாரு. ஒங்க மேல எம்புட்டுப் பாசம்.”



“ஒங்க தப்பில்ல மதினி. வயர எடுத்தாலும் பல்பு நின்னுருக்கணும். நான் தப்பா எழுதிட்டேன். அவனுக்கு அது தெரியும். தெரிஞ்சே விட்டுட்டான்.”

மதினி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார்.

“அவரு வீட்டுல கோழி இல்லையா தம்பி? இருந்தா தெரிஞ்சே விட்டுருப்பாரா?” என்று கேட்டார்.