பஸ் வருமா என்று சொன்ன சிரட்டைகள்

காலை ஆறு இருபதுக்கு என் திருட்டு வேலை பிடிபடத் தொடங்கியது. பத்து மணிக்கு மகளுக்குப் பதுளையில் பரீட்சை. மடுல்சீமை மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை நகருக்கு இறங்குவதற்கு அந்த ஆறு மணி பஸ்தான். அது வரவில்லை.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையால் வந்தது. மூளை நரம்புகளைப் பார்த்து அமெரிக்காவில் ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்களாம். தவறு செய்து செய்து தானே கற்றுக்கொள்ளுமாம். தோட்டப் பள்ளி ஆசிரியையான எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளோ அப்படி ஒன்றைச் செய்ய மூன்று தேங்காய்ச் சிரட்டைகளையும் ஒரு கை புளியங்கொட்டையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மழை இல்லை என்பதற்கு ஒரு சிரட்டை. பஸ் இன்று நேரத்துக்கு வந்தது என்பதற்கு ஒன்று. மழை வருமுன்பே முழங்கால் வலிக்கும் எங்கள் பால்காரருக்கு இன்று வலி இல்லை என்பதற்கு மற்றது. தினமும் மத்தியானம், அன்று எவையெவை உண்மையோ அந்தச் சிரட்டைகளின் கொட்டைகளை மட்டும் சேர்த்து எண்ணுவாள். பத்துக்கு மேலே போனால் மறுநாள் பஸ் நேரத்துக்கு வரும் என்று கணக்கு. சொன்னது பொய்த்துப்போனால், எண்ணிய சிரட்டைகளில் கொட்டைகளைக் கூட்டியோ குறைத்தோ திருத்துவாள். இவ்வளவுதான் அந்த மூளை. பஸ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு மாதத்தில் என்னைவிடச் சரியாகச் சொல்லத் தொடங்கியது.

பரீட்சைக்கு முதல் நாள் மழை கொட்டியது. வராது என்று சிரட்டைகள் சொன்னால், பின்னேர பஸ்ஸில் பதுளைக்குப் போய் என் தங்கை வீட்டில் தங்குவதாக மகள் சொல்லியிருந்தாள். பரீட்சை நாளில் பிள்ளை இன்னொரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதா? முழங்கால் சிரட்டையில் ஏழு இருந்தன. அவள் எண்ணுவதற்கு முன், பார்க்காத நேரம் இன்னும் நான்கைப் போட்டேன். பஸ் வரும் என்று சிரட்டைகள் சொல்ல, அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

இப்போது பஸ்ஸைக் காணாமல் ரோட்டோரத்தில் நின்று மகள் விரல்விட்டு எண்ணினாள்.

"நேத்து மழை. பஸ்ஸும் லேட்டு. பால்கார மாமா முழங்கால் மட்டுந்தான் நல்லா இருந்துச்சு. அதுக்கு ஏழுதானேம்மா? பதினொன்னு எப்படி வந்துச்சு?"

"நாலு நான் போட்டது."

"மெஷினுக்கே லஞ்சமாம்மா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஆறே முக்காலுக்குப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து அந்த பஸ்ஸின் கண்டக்டர் நடந்து வந்தார். முழங்கால்வரை சேறு.

"மண்ணு சரிஞ்சிருச்சு டீச்சர். பஸ்ஸக் கீழேயே திருப்பி நிறுத்தியிருக்கோம். வேகமா நடங்க, பத்துக்கு முன்னாடி கொண்டுபோய் விட்டுருவோம். தெனமும் எத்தன நிமிசம் லேட்டுன்னு கேட்டுக் கேட்டு எழுதுற பிள்ளைய விட்டுட்டுப் போக முடியுமா? பாப்பா, இன்னிக்கி நாப்பத்தஞ்சுன்னு எழுதிக்கோ."