அம்மா பறித்த கொழுந்து, இங்கிலீஷில்

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். சுற்றிக் காட்ட இங்கிலீஷ் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லி அனுப்பினார். நான் போய் நின்றேன். உயர்தரப் பரீட்சை முடித்திருந்தேன். "பேச வருமா?" என்று கேட்டார். "வரும்" என்றேன். பொய்யில்லை. சின்னச் சின்ன வசனமாக எனக்கு நன்றாகவே வந்தது.

இது கொழுந்து. இதைப் பறிக்கிறோம். இங்கே கொண்டு வருகிறோம். இந்தத் தட்டில் வாட்டுகிறோம். இப்படிக் கத்தரித்துக் கத்தரித்து ஒரு கிழமை ஓட்டினேன். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான்மா சொல்ற. ஆனா பாலர் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் சேத்துப் பேசிப் பாரேன்" என்றார்.

சேர்த்துப் பேசிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். மறுநாள் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கொழுந்தை உருட்டுகிற பெரிய இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எங்கம்மா கொழுந்து பறிக்கிறவர். அதையும் சொல்லிவிடலாம் என்று, "அம்மா பறிச்ச கொழுந்து இந்த மெஷினுக்குள்ள போகுது" என்று மனசுக்குள் தமிழில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன்.

"மை மதர் ப்ளக்ட் லீஃப் கோஸ் இன்டு திஸ் மெஷின்."

அந்த வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "உன் அம்மாவா? இந்த மெஷினுக்குள்ளயா போறாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவருடைய கணவர் இயந்திரத்தை எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லைங்க, அம்மா மலையில இருக்காங்க, கொழுந்துதான் உள்ள போகுது" என்று பழையபடி துண்டு துண்டாகச் சொல்லிச் சமாளித்தேன். அவர்களும் சிரித்தார்கள். ஆனால் எங்கே இடறினேன் என்று தெரியாமல் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பதுளைக்குப் போனேன். என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறாள். அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. கடையின் பின்னறையில் துணிக்கட்டுகள் மேல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். வயிறு நோகச் சிரித்துவிட்டு அவள் விளக்கினாள்.

"தமிழ்ல யாரு, எங்க, எப்பன்னு எல்லாத்தையும் முன்னாடி அடுக்கிட்டு, பொருளக் கடைசியா சொல்றோம். அம்மா நேத்து மலையில பறிச்ச கொழுந்து. இங்கிலீசுல பொருள முதல்ல சொல்லிரணும். உடைஞ்ச கோப்பைன்னு ஒத்தச் சொல்லா இருந்தா முன்னாடி வரலாம், ப்ரோக்கன் கப். யாரு ஒடச்சா, எங்க ஒடச்சான்னு வால் முளைச்சா பின்னாடி போயிரணும். பூனை ஒடச்ச கோப்பைன்னா, கப் ப்ரோக்கன் பை த கேட்."

"அப்ப லீஃப் ப்ளக்ட் பை மை மதர்?"

"அதேதான்."

"பறிக்கப்பட்டன்னு நாங்க யாருமே பேசமாட்டோமேடி. பறிச்சன்னுதான் சொல்லுவோம்."

"பறிச்ச கொழுந்து, பறிச்ச அம்மா, ரெண்டுக்கும் நமக்கு ஒரே பறிச்ச. அங்க அப்படியில்ல. பறிக்கிறவங்களுக்கு ப்ளக்கிங், பறிபடுறதுக்கு ப்ளக்ட். மதர் ப்ளக்ட் பை யாரோன்னு சொன்னியோ, உங்கம்மாவ யாரோ கிள்ளிட்டாங்கன்னு ஆயிரும்."

இந்த முறை இருவரும் சிரித்தோம். அவளுடைய வாப்பா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, இங்கிலீசு அவ்வளவு சிரிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் கண்டதையெல்லாம் திருப்பிப் போட்டேன். தகரத்தால் மூடின கூரை. மழை அரித்த மதகு. யாரோ கொடியில் காயப் போட்ட சேலை. முதலில் கூரை, முதலில் மதகு, முதலில் சேலை. வாய் முணுமுணுப்பதைப் பார்த்துப் பக்கத்து ஆள் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார். இறங்கும்போது எனக்குத் தடங்கல் இல்லை.

அடுத்து வந்தது ஒரு குடும்பம், கூடவே இரண்டு இளம்பெண்கள். எங்கேயும் நிற்காமல் கதை சொன்னேன். கடைசியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "இது நேத்து எங்கம்மா பறிச்ச கொழுந்துல செஞ்ச தேத்தண்ணி" என்பதை இங்கிலீஷில் வாலைப் பின்னால் விட்டுச் சொன்னேன். "டீ மேட் ஃப்ரம் லீஃப் ப்ளக்ட் யெஸ்டடே பை மை மதர்." ஒருவரும் இயந்திரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவங்களப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

கொழுந்து நிறுக்கிற மடுவம் பக்கத்தில்தான். அம்மா இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டார்.

"என்னாத்தடி சொல்லிவச்ச என்னப் பத்தி?"

"அவங்க குடிச்ச தேத்தண்ணி நீ பறிச்ச கொழுந்துல செஞ்சதுன்னேன்."

"நான் ஒருத்தியா பறிச்சேன்? இத்தன பேரு நிக்கிறாளுக." அம்மா பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார். "எல்லாரையும் சேத்துச் சொல்லு."

வரிசையில் நின்ற பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள். நான் அந்த இடத்திலேயே வசனத்தை நீட்டினேன். அம்மாவோடு வேலை செய்கிற பெண்கள் என்று வரும்போது ஒரு கணம் நின்றேன். அவர்கள் செய்கிறவர்கள், செய்யப்பட்டவர்கள் இல்லை. "பை மை மதர் அண்ட் த விமன் வர்க்கிங் வித் ஹெர்." சரியாகத்தான் வந்தது.

அந்தப் பெண் அட்டைக்கடி பற்றிக் கேட்டாள். அம்மா வெட்கம் விட்டுப்போய்க் காலைத் தூக்கித் தழும்பைக் காட்டி, எலுமிச்சையும் உப்பும் தேய்க்கிற கதையை ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற சித்தி சவர்க்காரம் போட்டுக் கழுவுவதுதான் நல்லது என்று குறுக்கே விழுந்தார். இரண்டு பேர் பேச்சையும் நான் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.